தும்மலுக்கு ஒரு மாத்திரை: பழசா, புதுசா?

மருந்துக்கடையில் போய் "தும்மல் நிக்கல, மூக்கு ஒழுகுது" என்று சொன்னால், கடைக்காரர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை எடுத்து நீட்டுவார். ஒன்று, சி.பி.எம். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் குளோர்பெனிரமின், அல்லது அதற்கு நெருங்கிய உறவான அவில். இலங்கையில் இதே குளோர்பெனிரமினை பிரிட்டோன் என்று கேட்டு வாங்குவார்கள். இன்னொன்று செட்ரிசின், லீவோசெட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் வகையறா. "இது தூக்கம் வரும், அது அவ்வளவா வராது" என்பதோடு விளக்கம் முடிந்துவிடும்.

அந்த ஒரு வரி பாதி உண்மைதான். மாத்திரை வாய்க்குள் போனதிலிருந்து உடம்பைவிட்டு வெளியேறும் வரை என்னென்ன நடக்கிறது என்று படிப்படியாகப் பார்த்தால், மீதிப் பாதியும் விளங்கும். எதை வாங்குவது என்ற முடிவும் எளிதாகும்.

படி 1: மாத்திரைக்கு முன்பே நடப்பது

வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணியை எடுத்துக்கொள்வோம். அலர்ஜிக்கு ஆளாகக்கூடிய உடம்பு, அந்த உண்ணியின் புரதத்தை எதிரியாக எண்ணி ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கிறது. ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த கிமிஷிகே இஷிசாகா, டெருகோ இஷிசாகா தம்பதி 1966-ல் இதை அடையாளம் கண்டார்கள். இந்த ஐஜிஈ, தோலிலும் மூக்கின் உட்படலத்திலும் குடலிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். இதுவரை வெளியே ஒரு அறிகுறியும் தெரியாது.

அடுத்த முறை படுக்கையை உதறும்போது அதே புரதம் மூக்கில் ஏறுகிறது. மாஸ்ட் செல்லின் மேல் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஐஜிஈ-களை அது சேர்த்துப் பிடித்த உடனே, செல்லுக்குள் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வைத்திருந்த ஹிஸ்டமின் என்ற ரசாயனம் வெளியே கொட்டுகிறது. சில நிமிடங்களுக்குள் எல்லாம் நடந்துவிடும். ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசிவதால் வீக்கமும் தடிப்பும் வருகின்றன. நரம்பு முனைகள் தூண்டப்படுவதால் அரிப்பும் தும்மலும் வருகின்றன. சுரப்பிகள் தூண்டப்படுவதால் மூக்கு ஒழுகுகிறது. ஹிஸ்டமினின் இந்தச் செயல்களை ஹென்றி டேல், பேட்ரிக் லெய்ட்லா இருவரும் லண்டனில் 1910-லேயே விவரித்துவிட்டார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அலர்ஜி மருத்துவரின் அறைக்குப் போக வேண்டும். முன்கையில் ஒரு சொட்டு ஹிஸ்டமின் கரைசலை வைத்து, அதன் வழியாகத் தோலை லேசாகக் கீறுவார்கள். 10, 15 நிமிடங்களில் அந்த இடம் கொசு கடித்தாற்போல் வெளிறித் தடித்து எழும்பும். சுற்றிலும் சிவப்பு வளையம் படரும், நமநமவென்று அரிக்கும். மருத்துவர் அளவுகோலை வைத்துத் தடிப்பின் குறுக்களவைக் குறித்துக்கொள்வார். முந்தின நாள் செட்ரிசினோ அவிலோ போட்டுக்கொண்டு போனவருக்கு இந்தத் தடிப்பு சரியாக எழும்பாது. அதனால்தான் பரிசோதனைக்குச் சில நாட்களுக்கு முன்பே அலர்ஜி மாத்திரைகளை நிறுத்தச் சொல்கிறார்கள். ஒரு மருந்துக்கு எவ்வளவு வீரியம், எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று ஆய்வாளர்கள் ஒப்பிடுவதும் இதே தடிப்பை அளந்துதான்.

படி 2: மாத்திரை ரத்தத்தில் கலப்பது

விழுங்கிய மாத்திரை குடலில் கரைந்து ரத்தத்தில் சேர்கிறது. "பழைய மாத்திரைதான் சட்டுனு கேக்கும்" என்று பலரும் நம்புகிறார்கள். அது சரியல்ல. செட்ரிசின் சுமார் ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். ஃபெக்ஸோஃபெனடினும் அதே வேகத்தை ஒட்டித்தான் வரும். லோரடடின் கொஞ்சம் நிதானம், கல்லீரலில் டெஸ்லோரடடினாக மாறிய பிறகே முழு பலம் பெறும் என்பதால் 1 முதல் 3 மணி நேரம் ஆகலாம். பழசும் விழுங்கிய மாத்திரத்தில் அற்புதம் செய்வதில்லை. போட்டவுடன் கண் சொருகுவதால், மருந்து பலமாக வேலை செய்கிறது என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

எதோடு விழுங்குகிறோம் என்பதும் முக்கியம். ஃபெக்ஸோஃபெனடினை ஆரஞ்சு, ஆப்பிள் சாறோடு எடுத்தால் உள்ளே போகும் அளவு கணிசமாகக் குறையும். குடல் சுவரில் மருந்தை உள்ளே கொண்டுபோகும் புரதத்தை அந்தச் சாறுகள் தடுப்பதே காரணம். நெஞ்செரிச்சலுக்கான அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஜெலூசில் வகை மருந்துகளோடும் இதைச் சேர்க்கக் கூடாது. பிலாஸ்டின் என்றால் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும். செட்ரிசினுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. எதுவானாலும் வெறும் தண்ணீரோடு விழுங்குவது உத்தமம்.

படி 3: ஹிஸ்டமினின் இடத்தைப் பிடிப்பது

செல்களின் மேற்பரப்பில் எச்1 என்ற ஏற்பி இருக்கிறது. ஹிஸ்டமின் அதில் வந்து உட்கார்ந்தால்தான் அரிப்பும் ஒழுகலும் தொடங்கும். அலர்ஜி மாத்திரை அந்த ஏற்பியைப் பிடித்து, அது செயல்படாத நிலையிலேயே இருக்கும்படி நிறுத்தி வைக்கிறது. இந்த வேலையைப் பழசும் புதுசும் ஒன்றுபோலத்தான் செய்கின்றன. தும்மலையும் அரிப்பையும் அடக்குவதில் பழசு மேல் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

மாத்திரை ஹிஸ்டமினை அழிப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே ஏறிய வீக்கம் வடிய நேரம் பிடிக்கும். அதனால் தூசி தட்டப் போகிறவரும், ஆண்டுதோறும் குறிப்பிட்ட பருவத்தில் தும்முகிறவரும் தொந்தரவு வருவதற்கு முன்பே மாத்திரை எடுத்தால் பலன் அதிகம்.

மூக்கடைப்பு வேறு கதை. அதில் ஹிஸ்டமினின் பங்கு குறைவு, அழற்சியின் பங்கு அதிகம். மூக்கடைப்பே பெரிய தொல்லையாக இருப்பவருக்கு மாத்திரையைவிட ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே நன்றாகக் கேட்கும். "செட்ரிசின் போட்டும் அடைப்பு விடல" என்பவர்களில் பலருக்குத் தவறு மாத்திரையில் இல்லை. அவர்களுக்குத் தேவைப்பட்ட மருந்தே வேறு.

படி 4: மூளையின் வாசல்

பழசுக்கும் புதுசுக்கும் பாதை பிரியும் இடம் இதுதான்.

உடம்பில் அரிப்பை உண்டாக்கும் அதே ஹிஸ்டமின், மூளைக்குள் நம்மை விழிப்போடு வைத்திருக்கும் ரசாயனமாக வேலை செய்கிறது. ஹைபோதலாமஸின் பின்பகுதியில் இருக்கும் ஒரு சிறு நரம்புக் கொத்து ஹிஸ்டமினைச் சுரந்து மூளை முழுவதற்கும் அனுப்புகிறது. கவனம், நினைவு, உடனுக்குடன் எதிர்வினை காட்டுவது ஆகிய எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. அங்கேயும் இருப்பது அதே எச்1 ஏற்பிதான்.

முதல் தலைமுறை மருந்துகள் உருவான காலத்தில் இதெல்லாம் தெரியாது. பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் போவே, ஆன்-மாரி ஸ்டோப் இருவரும் 1937-ல் ஹிஸ்டமினைத் தடுக்கும் முதல் பொருளைக் கண்டறிந்தார்கள். நச்சுத்தன்மை அதிகம் என்பதால் அதை மனிதருக்குக் கொடுக்க முடியவில்லை. 1940-களில் பயன்படுத்தத் தக்க மருந்துகள் வந்தன. சின்சினாட்டியில் ஜார்ஜ் ரீவ்ஷல் உருவாக்கிய டைஃபென்ஹைட்ரமின், பெனட்ரில் என்ற பெயரில் 1946-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. போவேவுக்கு 1957-ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பழைய மருந்துகளின் மூலக்கூறுகள் சிறியவை, கொழுப்பில் எளிதில் கரைபவை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே இருக்கும் தடுப்பை அவை சுலபமாகத் தாண்டிவிடும்.

புதிய தலைமுறை மருந்துகளால் அந்தத் தடுப்பை அவ்வளவு லேசில் தாண்ட முடியாது. தாண்டினாலும், பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதம், டிக்கெட் இல்லாமல் ஏறியவரை அடுத்த நிறுத்தத்திலேயே இறக்கிவிடும் கண்டக்டரைப் போல அவற்றைத் திரும்ப ரத்தத்துக்கே தள்ளிவிடும்.

எவ்வளவு மருந்து மூளைக்குள் போய் உட்காருகிறது என்பதை ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் கசுஹிகோ யனாய் குழுவினர் பெட் ஸ்கேன் மூலம் அளந்தார்கள். மூளையின் எச்1 ஏற்பிகளில் 50 சதவீதத்துக்கு மேல் பிடிப்பவை தூக்கம் தரும் மருந்துகள், 20 முதல் 50 வரை பிடிப்பவை குறைவாகத் தூக்கம் தருபவை, 20-க்குக் கீழே என்றால் தூக்கம் தராதவை என்று வகை பிரித்தார்கள். பழைய மருந்துகள் முதல் வரிசையில் வருகின்றன. ஃபெக்ஸோஃபெனடின் மூளையில் ஏறக்குறைய நுழைவதே இல்லை. செட்ரிசின் 10 மி.கி. அளவில் 20 சதவீதத்துக்குள் நிற்கிறது, 20 மி.கி. ஆக்கினால் அந்தக் கோட்டைத் தாண்டுகிறது. "ஒண்ணு கேக்கல, ரெண்டாப் போட்டேன்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

செட்ரிசினை "தூக்கமே தராத மாத்திரை" என்று சொல்வதும் தவறு. அமெரிக்க மருந்துக் குறிப்பின்படி 10 மி.கி. செட்ரிசின் எடுத்தவர்களில் 100-க்கு 14 பேருக்குத் தூக்கக் கலக்கம் இருந்தது. வெறும் போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 100-க்கு 6 பேர். ஆகவே முதன்முறை செட்ரிசினோ லீவோசெட்ரிசினோ எடுக்கிறவர் இரவில் எடுத்துப் பார்ப்பது நல்லது.

படி 5: தூக்கம் வராமலே மந்தமாவது

"எனக்கு அவில் போட்டாலும் தூக்கமே வராது" என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. சில நாள் தொடர்ந்து எடுத்தால் தூக்க உணர்வு பலருக்கும் குறைந்துபோகும். ஆனால் தூக்கம் வருகிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நம்பகமான அளவுகோல் இல்லை.

அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு 2000-ல் வெளியானது. கார் ஓட்டும் அனுபவத்தை அப்படியே தரும் பாவனைக் கருவியில் 40 பேரை உட்கார வைத்தார்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு வாரங்களில் 50 மி.கி. டைஃபென்ஹைட்ரமின், 60 மி.கி. ஃபெக்ஸோஃபெனடின், மது, போலி மருந்து என நான்கையும் எடுத்துக்கொண்டு ஓட்டினார்கள். டைஃபென்ஹைட்ரமின் எடுத்தபோது ஓட்டிய விதம் மது அருந்தி ஓட்டியதைவிட மோசமாக இருந்தது. ஃபெக்ஸோஃபெனடின் எடுத்து ஓட்டியதற்கும் போலி மருந்து எடுத்து ஓட்டியதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஓட்டியவர் தனக்குத் தூக்கம் வந்ததாகச் சொன்னாரா இல்லையா என்பதை வைத்து அவர் எவ்வளவு மோசமாக ஓட்டுவார் என்று கணிக்கவும் முடியவில்லை.

லாரி ஓட்டுநர், பஞ்சாலையில் இயந்திரத்தோடு நிற்பவர், சாரத்தில் ஏறி வேலை பார்ப்பவர், பைக்கில் வேலைக்குப் போகிறவர் எல்லோருக்கும் இது பொருந்தும். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கும்தான். பிரிட்டனில் கோடைப் பருவ அலர்ஜி உள்ள பள்ளி மாணவர்களை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்டார்கள். தேர்வு நேரத்தில் தூக்கம் தரும் மாத்திரை எடுத்தவர்கள் மாதிரித் தேர்வில் வாங்கிய தரத்திலிருந்து சறுக்கும் வாய்ப்பு அதிகம் என்று அது காட்டியது. அலர்ஜித் தொல்லையோடு தும்மிக்கொண்டு எழுதியவர்களுக்கும் தரம் சறுக்கும் வாய்ப்பு அதிகமாகத்தான் இருந்தது. சரியான மருந்தை எடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

படி 6: வேண்டாத இடங்களில் கைவைப்பது

பழைய மருந்துகள் எச்1 ஏற்பியோடு நிற்பதில்லை. அசிடைல்கோலின் என்ற இன்னொரு நரம்பு ரசாயனத்தின் ஏற்பியையும் அடைக்கின்றன. வாய் வறட்சி, மலச்சிக்கல், மங்கலான பார்வை எல்லாம் அதனால்தான். மூக்கு ஒழுகுவது காய்ந்துபோவதிலும் அதற்குப் பங்கு உண்டு. பிராஸ்டேட் வீங்கிய பெரியவருக்குச் சளிக்கு என்று சி.பி.எம். கொடுத்து, ராத்திரி சிறுநீர் அடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவது மருத்துவர்கள் நன்கு அறிந்த சங்கதி. குறுகிய கோண கிளௌகோமா என்ற கண்நோய் உள்ளவருக்குக் கண்ணின் அழுத்தம் ஏறும். வயதானவர்களுக்குக் குழப்பமும் தள்ளாட்டமும் வந்து விழுந்து எலும்பு முறியவும் கூடும். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியல், முதல் தலைமுறை அலர்ஜி மருந்துகளை முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்கிறது.

புதியவையும் குறையே இல்லாமல் வந்துவிடவில்லை. தூக்கம் தராத மருந்து என்று 1985-ல் அமெரிக்காவில் அறிமுகமான டெர்ஃபெனடின் அமோகமாக விற்றது. எரித்ரோமைசின், கீட்டோகொனசோல் போன்ற மருந்துகளோடு சேர்ந்தபோது கல்லீரலால் அதை உடைக்க முடியாமல் ரத்தத்தில் தேங்கியது. இதயத் துடிப்பு ஆபத்தான முறையில் தாறுமாறாகி உயிர்ப்பலி வரை போனதால், 1990-களின் இறுதியில் அது சந்தையைவிட்டு வெளியேற்றப்பட்டது. கல்லீரல் அதை உடைத்தபின் கிடைக்கும் பொருள் இதயத்தைத் தொடாமல் அலர்ஜியை மட்டும் அடக்குவதைக் கண்டு அதையே மருந்தாக்கினார்கள். 1996-ல் அனுமதி பெற்ற அந்த மருந்துதான் இன்றைய ஃபெக்ஸோஃபெனடின்.

படி 7: உடம்பைவிட்டு வெளியேறுவது

ராத்திரி போட்ட சி.பி.எம். காலையில் போய்விடும் என்பது தப்புக்கணக்கு. பெரியவர்களின் ரத்தத்தில் குளோர்பெனிரமினின் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகலாம். மறுநாள் காலை தலை கனத்து, காபி குடித்தும் தெளியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். அது தரும் தூக்கமும் நல்ல தூக்கம் அல்ல, கனவு காணும் கட்டத்தைக் குறைத்துவிடும்.

செட்ரிசினின் அளவு சுமார் 8 மணி நேரத்தில் பாதியாகும். பெரும்பகுதி மாறாமல் சிறுநீரில் வெளியேறுவதால், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தினமும் செட்ரிசினோ லீவோசெட்ரிசினோ எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தும்போது, அரிதாகச் சிலருக்குக் கடுமையான அரிப்பு வருவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 மே மாதம் எச்சரித்தது. நீண்ட நாள் எடுத்தவர் நிறுத்த நினைத்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு நிறுத்தலாம்.

படி 8: கடையில் தேர்ந்தெடுப்பது

இத்தனையும் தெரிந்தபின் தேர்வு சுலபம்.

முதலில் அட்டையைத் திருப்பிப் பின்பக்க எழுத்தைப் படியுங்கள். "கோல்டு" என்று முடியும் பல மாத்திரைகளிலும் இருமல் சிரப்புகளிலும் பாராசிட்டமாலோடு குளோர்பெனிரமினும் மூக்கடைப்பு மருந்தான ஃபினைலெஃப்ரினும் ஒளிந்திருக்கும். ஜலதோஷ மாத்திரை ஒன்று, அலர்ஜி மாத்திரை ஒன்று என்று எடுப்பவர் அறியாமலே இரண்டு ஹிஸ்டமின் தடுப்பான்களை விழுங்குகிறார்.

இரண்டாவது, வேலையைப் பாருங்கள். வண்டி ஓட்டுகிறவர், இயந்திரத்தோடு நிற்பவர், படிக்கிறவர் என்றால் ஃபெக்ஸோஃபெனடின், பிலாஸ்டின், லோரடடின் ஆகியவற்றில் ஒன்று. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு ஃபெக்ஸோஃபெனடின் 120 மி.கி., காணாக்கடி போன்ற தோல் தடிப்புக்கு 180 மி.கி. பிலாஸ்டின் 20 மி.கி., லோரடடின் 10 மி.கி. எல்லாமே நாளுக்கு ஒன்று. இரவில் எடுத்துக்கொள்ளலாம் என்பவருக்கு செட்ரிசின் 10 மி.கி. அல்லது லீவோசெட்ரிசின் 5 மி.கி. போதும்.

மூன்றாவது, மான்டெலுகாஸ்ட் சேர்ந்த கூட்டு மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். மனநிலை மாற்றங்களுக்காக அந்த மருந்துக்கு அமெரிக்காவில் 2020-ல் கட்டமிட்ட எச்சரிக்கை போடப்பட்டது. அது வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

நான்காவது, குழந்தைகள். தூங்க வைப்பதற்காகச் சளி மருந்து கொடுக்கும் வழக்கத்தை விடுங்கள். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த கூட்டு மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் எதையும் கேட்டே எடுக்க வேண்டும்.

ஐந்தாவது, எதை எடுத்தாலும் அன்று மது வேண்டாம்.

தோல் தடிப்பு ஆறு வாரத்துக்கு மேல் வந்து வந்து போனால் மருத்துவரைப் பாருங்கள். அத்தகைய தடிப்புக்குப் புதிய தலைமுறை மருந்தின் அளவை நான்கு மடங்கு வரை கூட்டிக் கொடுக்க மருத்துவ வழிகாட்டல்கள் இடமளிக்கின்றன. ஆனால் அது மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே.

பழசுக்கு மிச்சமிருக்கும் இடம்

பழைய மருந்துகளை அடியோடு தூக்கியெறிய வேண்டியதில்லை. மலைப்பாதைப் பேருந்தில் வாந்தி எடுப்பவர்களுக்குப் புரோமெதசினோ டைமென்ஹைட்ரினேட்டோ உதவும், அங்கே மூளைக்குள் போவதே அவற்றின் பலம். வாயால் விழுங்க முடியாத நோயாளிக்கு ஆஸ்பத்திரியில் அவில் ஊசி இன்னும் பயன்படுகிறது.

ஆனால் வேர்க்கடலையோ இறாலோ தின்றபின், குளவி கொட்டியபின், ஊசி போட்டபின் தொண்டை அடைத்து, மூச்சு இழுத்து, மயக்கம் வந்தால் அவிலும் உதவாது, செட்ரிசினும் உதவாது. அப்போது உயிரைக் காப்பது தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசி ஒன்றே. மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்று வீட்டில் காத்திருக்காமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

அன்றாடத் தும்மலுக்கும் அரிப்புக்கும் தீர்ப்பு தெளிவானது. அரிப்பை அடக்குவதில் இரண்டும் ஒன்று. மூளையையும் சிறுநீர்ப்பையையும் தொந்தரவு செய்வதில் பழசு அதிகம். புதிய மருந்துகளும் இப்போது ஜெனரிக்காக மக்கள் மருந்தகங்களில் மலிவாகவே கிடைக்கின்றன. அடுத்த முறை கடைக்காரர் பழக்கத்தில் சி.பி.எம்.மை எடுத்து நீட்டினால், "தூக்கம் தராத அலர்ஜி மாத்திரை குடுங்க" என்று கேட்டு வாங்குங்கள்.